காடவர்கோன் கண்ட கனவு

காஞ்சி மாநகரின் மேற்குப் பகுதியில், ஊர் ஓசை சற்றே அடங்கும் இடத்தில், கைலாசநாதர் திருக்கோயில் நிற்கிறது. பல்லவ மன்னன் இராசசிம்மன் கி.பி. 700-ஐ ஒட்டி எழுப்பிய கற்றளி அது. இராசசிம்மேச்சுரம் என்பது அதன் பழம்பெயர். கருவறைப் புறச்சுவரைச் சுற்றிப் பல்லவ கிரந்த எழுத்தில் வடமொழிக் கல்வெட்டு ஒன்று ஓடுகிறது. ஹுல்ட்ஷ் என்னும் செருமானிய அறிஞர், 1890-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ முதல் தொகுதியில் அதனைப் பதிப்பித்தார். மன்னனின் குலப் பெருமையையும் போர்ப் பெருமையையும் அடுக்கிக்கொண்டே செல்லும் அக்கல்வெட்டில், இடையே ஒரு சுலோகம் நம்மை நிறுத்தி வைக்கிறது. துஷ்யந்தன் முதலான அரசர்கள் முன்னை யுகத்தில் உருவமற்ற தெய்வக் குரலைக் கேட்டனர், அதில் வியப்பில்லை, நற்குணங்கள் விலகிப்போன இக்கலியுகத்தில் எம் மன்னன் அக்குரலைக் கேட்டானே, அதுவன்றோ வியப்பு என்பது அதன் கருத்து.

குரல் என்ன சொல்லிற்று என்று கல்வெட்டு கூறவில்லை. கூறவேண்டும் என்று எழுதியவருக்குத் தோன்றவும் இல்லை போலும். தெய்வம் பேசிற்று, அரசன் கேட்டான். அரசனுக்குப் பெருமை சேர்க்க அதுவே போதும். மெய்க்கீர்த்திகளின் இயல்பு அது.

இனி, ஏறக்குறைய நானூற்று முப்பது ஆண்டுகளைக் கடந்து, இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்துக்கு வருவோம். அவன் ஆட்சி கி.பி. 1133 முதல் 1150 வரை நடந்தது. அவன் அவையில் உயர்பதவி வகித்த சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் புராணம் பாடினார். அதில் பூசலார் நாயனார் வரலாறு மிகச் சிறியது. ஒரே மூச்சில் படித்துவிடலாம். ஆனால் காஞ்சிக் கல்வெட்டை மனத்தில் வைத்துக்கொண்டு அதனைப் படிக்கும்போது, நமக்கு வேறொரு கதவு திறக்கிறது.

வரலாறு யாவரும் அறிந்ததே. ஆயினும் சுருக்கமாகச் சொல்லியாக வேண்டும். தொண்டை நாட்டுத் திருநின்றவூரில் வாழ்ந்த அந்தணர் பூசலார். சிவபெருமானுக்கு ஒரு கோயில் எடுக்க விரும்பினார்; பொருள் தேடி அலைந்தார்; ஒன்றும் கிடைக்கவில்லை. எனவே மனத்துக்குள்ளேயே எடுக்கத் தொடங்கினார். நினைவினாலேயே பொருள் திரட்டி, நினைவினாலேயே தச்சரைத் தேடி, நல்ல நாள் பார்த்து அடிநிலை பாரித்து, உபானம் முதல் சிகரம் வரை ஒவ்வொரு வரியாக எழுப்பி, சுதை பூசி, கிணறு தோண்டி, மதில் வளைத்து, குளமும் எடுத்து, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். மனக்கோயில்தானே என்று ஒரு வேலையையும் அவர் விட்டுவிடவில்லை என்பதை இங்கே கருத வேண்டும். நினைத்த மாத்திரத்தில் கோபுரம் முளைத்திருக்கலாம். ஆனால் இரவு பகலாகக் கல்மேல் கல்லாகவே அவர் அடுக்கினார்.

அதே நாளில் காஞ்சியில் காடவர்கோன் தன் பெருஞ்செல்வமெல்லாம் வழங்கி எடுத்த கற்றளிக்கும் நாள் குறிக்கப்பட்டிருந்தது. முந்தைய இரவு அவன் கனவில் இறைவன் தோன்றினான். ‘நின்றவூரில் பூசல் நெடுநாள் நினைந்து எடுத்த கோயிலில் நாளை நாம் புகுவோம், உன் விழாவை வேறொரு நாளில் வைத்துக்கொள்’ என்னும் கருத்துப்பட ஆணையிட்டு மறைந்தான்.

இக்காடவர்கோன் இராசசிம்மனே என்பது வரலாற்று அறிஞர் பலர் கருத்து. கல்வெட்டில் உள்ள குரலும் புராணத்தில் உள்ள கனவும் ஒரே நிகழ்ச்சியின் இரு நினைவுகள் என்றும் அவர்கள் கருதுவர். அவ்வாறே கொண்டால், ஒரே செய்தி எப்படி மாறிவிட்டது பாருங்கள். கல்வெட்டில், குரலைக் கேட்டதே அரசனுக்குப் பட்டம். புராணத்தில், அவன் கேட்ட செய்தி ‘உன் கோயில் இரண்டாவது’ என்பது. கல்வெட்டு எழுதியவர் சொல்லாமல் விட்ட அச்செய்தியைத் தமிழ்நாடு தன் வாய்மொழியால் நிரப்பிக்கொண்டது போலும்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. சுந்தரமூர்த்தி சுவாமிகள் தம் திருத்தொண்டத்தொகையில் பூசலாரின் பெயரை மட்டும் சொல்லி வணங்குகிறார். அதன்பின் வந்த நம்பியாண்டார் நம்பி, திருத்தொண்டர் திருவந்தாதியில் ஒரு பாட்டு முழுவதையும் பூசலாருக்கு அளிக்கிறார். அப்பாட்டில் அவர் கண் துயிலாமல் இரவுதோறும் கோயிலை நினைந்து அருள்பெற்றது வருகிறது, அரசன் வரவில்லை, கனவும் வரவில்லை. சேக்கிழாரிடம்தான் இவ்வளவும் விரிகின்றன. இரவெல்லாம் விழித்திருந்தவருக்கு இறைவன் கனவில் தோன்றவில்லை என்பதும், பட்டு மெத்தையில் உறங்கியவனுக்கே தோன்றினான் என்பதும் நம்மைச் சிந்திக்க வைக்கின்றன. அருள் பெற்றவர் ஒருவர். கனவு கண்டவன் வேறொருவன். கனவு கண்டவனே பெரியவன் என்னும் எண்ணத்தைச் சேக்கிழார் இங்கே ஒரு சொல்லும் உரக்கச் சொல்லாமல் சாய்த்துவிடுகிறார்.

அரசன் விழித்தெழுந்ததும் என்ன செய்தான்? நிமித்திகரை அழைக்கவில்லை. அழைத்திருந்தால் அவர்கள் பொருள் சொல்லத் தயங்கியிருக்க மாட்டார்கள். நம் நாட்டில் கனவுக்குப் பலன் கூறும் கலை பழமையானது. பொன்னவன் பெயரால் வழங்கும் கனாநூல், இரவின் எந்தச் சாமத்தில் கண்ட கனவு எத்தனை நாளில் பலிக்கும் என்றெல்லாம் வரையறுக்கிறது. ‘நின்றவூர் என்பது மன்னா, நின் நெஞ்சமாகிய ஊரே; பூசல் என்பது நீ வென்ற போரே’ என்று ஓர் அவைப்புலவர் விளக்கியிருந்தால், குறித்த நாளில் காஞ்சியில் விழா குறைவின்றி நடந்திருக்கும். நாம் இதனைக் கற்பனையாகத்தான் சொல்கிறோம். ஆனால் அதிகாரத்தில் இருப்போரைச் சுற்றி இத்தகைய விளக்கவுரையாளர்கள் எக்காலத்தும் குறைந்ததில்லை என்பதை மத்திய அரசு அலுவலகத்தில் இருபது ஆண்டு கோப்புக் கட்டியவர் எவரும் அறிவர்.

காடவர்கோன் நேரே நின்றவூருக்குப் புறப்பட்டான். ‘பூசல் எடுத்த கோயில் எங்கே?’ என்று கேட்டான். அப்படி ஒரு கோயில் இங்கே இல்லை என்றனர் ஊரார். கனவு பொய்த்தது என்று திரும்பியிருக்கலாம். ஊரார் மறைக்கிறார்கள் என்று சினந்திருக்கலாம். இரண்டும் செய்யாமல், பூசலார் என்பவர் யார் என்று அடுத்த வினாவைக் கேட்டான். குற்றமற்ற வேதியர், இவ்வூரினர் என்றனர். அவரை அழைத்துவர அவர்கள் முற்பட்டபோது, அரசன் அதற்கு ஒப்பாமல் தானே அவரிடம் சென்றான். இந்த ஒரு செய்கையைக் குறிக்கச் சேக்கிழார் மறக்கவில்லை. தாமே ஆட்சிப் பணியில் இருந்தவர் அல்லவா? அழைத்து வரச் செய்வதற்கும் நடந்து போவதற்கும் உள்ள தொலைவை அவர் நன்றாக அறிவார்.

பூசலார் மருண்டார். தம்மையும் ஒரு பொருட்டாக எண்ணி இறைவன் அருளினானே என்று உருகி, பொருள் கிடையாமையால் மனத்தால் எடுத்த கோயிலைப் பற்றிச் சொன்னார். அரசன் நிலத்தில் விழுந்து வணங்கித் தன் நகருக்குத் திரும்பினான். கனவின் பொருள் கனவில் இல்லை. கண்டவன் அறிவிலும் இல்லை. பொருள் இழந்து நின்ற ஓர் ஏழையின் வாயிலிருந்து அது வரவேண்டியிருந்தது.

பெரியபுராணத்தில் கனவுகள் பல. கண்ணப்பர் வரலாற்றிலும் ஒன்று உண்டு. காளத்தி மலையில் தாம் நாள்தோறும் தூய்மை செய்து வழிபடும் இடத்தில் யாரோ இறைச்சியைப் படைத்துச் செல்கிறார்களே என்று சிவகோசரியார் நெஞ்சு நொந்தார். இறைவன் கனவில் தோன்றி, அவ்வேடனின் செயல் ஒவ்வொன்றும் தனக்கு எத்துணை இனியது என்று சொன்னான். அத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் நாளை ஒளிந்திருந்து நீயே பார் என்றும் பணித்தான். சொன்னது போதாது, காணவும் வேண்டும். மறுநாள் தம் கண்ணால் கண்ட பிறகே சிவகோசரியாருக்கு முந்தைய இரவின் சொற்கள் விளங்கின.

மதுரையில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் வாயிலுக்கு வெளியே நின்று யாழிசைத்தார். ஆலவாயண்ணல் அன்றிரவு தன் தொண்டர்களின் கனவில் தோன்றி, பாணரை உள்ளே அழைத்துவரச் செய்தான். ஈரத்தரையின் குளிர்ச்சியால் யாழ் நரம்பு தளரும் என்று பலகை இடும்படி வானில் குரலும் எழுந்தது. திருவரங்கத்தில் உலோகசாரங்கர், வழிவிடாத திருப்பாணரைக் கல்லால் அடித்தார் என்றும், அரங்கன் அவர் கனவில் தோன்றிப் பாணரைத் தோளில் சுமந்து வருமாறு ஆணையிட்டான் என்றும் குருபரம்பரை நூல்கள் கூறும். அடித்த கையும் சுமந்த தோளும் ஒருவருடையவையே.

இவ்வரலாறுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. கனவு பெரும்பாலும் வாயிலுக்கு உள்ளே இருப்பவருக்கே வருகிறது. அதன் செய்தி வாயிலுக்கு வெளியே நிற்பவரைப் பற்றியது. வெளியே நிற்பவருக்கு இறைவனைப் பற்றி ஐயமில்லை. அவருக்குக் கனவு எதற்கு?

ஆனால் இந்த ஒழுங்கில் அடங்காத ஒன்று உண்டு. அதனை விட்டுவிட்டுப் போவது நேர்மையாகாது. ஆதனூர்த் திருநாளைப்போவார், நந்தனார் என்று நாம் போற்றுபவர், தில்லை எல்லையை வலம்வந்து வலம்வந்து, உள்ளே புக இயலாமல் துயின்றார். அவர் கனவிலும் இறைவன் தோன்றினான். தில்லைவாழ் அந்தணர் கனவிலும் தோன்றினான். அலுவலக வழக்கில் சொன்னால், ஆணை ஒருவருக்கு, நகல் மற்றவருக்கு. அந்த ஆணை தீயில் மூழ்கி வருக என்பது. நகல் தீ அமைத்துக் கொடுங்கள் என்பது. மதுரையில் கதவைத் திறக்கச் சொன்னவன், தில்லையில் ஏன் தீயை மூட்டச் சொன்னான்?

இவ்வினாவை நம் பாட்டனார் காலத்திலிருந்தே தமிழ்நாடு கேட்டு வருகிறது. தத்துவ விளக்கங்கள் பல சொல்லப்பட்டுள்ளன. அவற்றுள் சில அழகானவை. ஆயினும் எரியில் இறங்கியவர் ஒருவராகவும் விளக்கம் சொல்பவர் வேறொருவராகவும் இருக்கும்வரை அந்த அழகில் நமக்கு மனம் ஒட்டவில்லை. யாழ்ப்பாணர் வரலாற்றிலேயே, அவர் திருவாரூர் சென்றபோது இறைவன் வடதிசையில் தனிவாயில் வகுத்தான் என்று வருகிறது. மதுரையில் நேர்வாயில், ஆரூரில் தனிவாயில், தில்லையில் தீவாயில். தெய்வத்தின் குரல் மாறிற்றா, கேட்ட ஊர்களின் செவிகள் மாறினவா? செவியே மாறிற்று என்று நாம் கருதுகிறோம். மனிதன் கேட்கக்கூடிய அளவுக்கே கனவும் பேசுகிறது. கேட்டவர் தம் காலத்து வழக்கத்தையும் அதனோடு சேர்த்தே கேட்டுவிடுகிறார். 1939-ஆம் ஆண்டு சூலை 8-ஆம் நாள் மதுரை வைத்தியநாத ஐயர், ஒதுக்கப்பட்ட மக்களோடு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றார். ஆலவாயண்ணல் இன்னொரு முறை கனவில் வந்து சொல்லட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. பழைய ஆணையே செல்லுபடியாகும் என்று கொண்டார்.

கனவுக்குப் பணிய மறுத்தவரும் அடியார் கூட்டத்தில் உண்டு. சுந்தரர் பரவையாரிடம் இறைவனையே தூது அனுப்பினார் என்று கேட்டுக் கொதித்தவர் ஏயர்கோன் கலிக்காமர். அவருக்குச் சூலை நோய் வந்தது. வன்தொண்டன் தீர்த்தாலன்றி இது தீராது என்று இறைவனே உரைத்தான். அவன் தீர்ப்பதைவிட நோய் என்னை வருத்துவதே நன்று என்றார் கலிக்காமர். சுந்தரர் வரும் முன்பே தம் வயிற்றைக் கிழித்துக்கொண்டார். பின்னர் இருவரும் நண்பரானது அருளின் செயல். நாம் வியப்பது வேறு. தொகையைப் பாடியவர் சுந்தரர். தம் கையால் நலம்பெற மறுத்து உயிர்விட்டவரையும் தம் பட்டியலில் வைத்து, அவருக்கும் தாம் அடியார் என்றே பாடினார்.

நாம் வாழும் இத்தில்லி மாநகரோடும் ஒரு கனவுக் கதைக்குத் தொடர்பு உண்டு. மேல்கோட்டையில் மண்ணுள் மறைந்திருந்த திருநாராயணர் உருவத்தை இராமானுசர் கனவின் வழி அறிந்து கண்டெடுத்தார் என்றும், உற்சவ மூர்த்தி தில்லிச் சுல்தானின் மாளிகையில் இருப்பதும் கனவிலேயே உணர்த்தப்பட, இங்கு வந்து செல்வப்பிள்ளையை மீட்டுச் சென்றார் என்றும், அம்மூர்த்தியைப் பிரிய மாட்டாத சுல்தானின் மகள் பின்தொடர்ந்து வந்து பீபி நாச்சியார் ஆனாள் என்றும் கூறுவர். இராமானுசர் காலமாக மரபு சொல்வது 1017 முதல் 1137 வரை. தில்லியில் சுல்தான் ஆட்சி தொடங்கியதோ 1206-இல். ஆதலால் கணக்கு ஒத்துவரவில்லை.

கணக்கு ஒத்துவரவில்லை என்று கோப்பை மூடிவிடுவது எளிது. திருவரங்கம் 1323-இல் சூறையாடப்பட்டது; அரங்கன் உற்சவ மூர்த்தி ஊர் ஊராக அலைந்து, 1371-இல்தான் மீண்டும் திருவரங்கம் சேர்ந்தது. அரை நூற்றாண்டுக்குச் சற்றே குறைவு. அத்துயரத்தைக் கடந்து வந்த மக்கள், இழப்பையும் மீட்பையும் தம் ஆசாரியர் மேல் ஏற்றிச் சொல்லியிருக்கலாம். அவர்கள் சொன்ன விதத்தைப் பாருங்கள். கவர்ந்து சென்றவன் வீட்டுப் பெண்ணுக்குக் கோயிலில் இடம் கொடுத்தார்கள். மேல்கோட்டையில் பீபி நாச்சியாரும் திருவரங்கத்தில் துலுக்க நாச்சியாரும் இன்றும் வழிபாடு பெறுகின்றனர். ஆண்டுக் கணக்கில் தவறிய கதை, மனக் கணக்கில் எதையோ சரியாக எழுதி வைத்திருக்கிறது. அது என்ன என்று ஒரே வரியில் சொல்ல நாம் துணியமாட்டோம்.

விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் கண்ட கனவு இன்னும் சுவையானது. கலிங்கப் போரின்போது கிருஷ்ணா நதிக்கரை ஸ்ரீகாகுளத்தில் ஆந்திர விஷ்ணு அவர் கனவில் தோன்றி, தெலுங்கில் ஒரு காவியம் செய்யுமாறு பணித்தார் என்று அவரே ஆமுக்தமால்யதாவின் தொடக்கத்தில் எழுதுகிறார். பணித்த பொருள் எது? ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் திருமணம். ஆந்திரத்துத் தெய்வம், துளுவ மரபு மன்னனிடம், தமிழ்ப் பெண்ணின் கதையைத் தெலுங்கில் கேட்டது. மொழிக்கு மொழி மல்லுக்கு நிற்போர் இக்கனவைச் சற்று மெல்ல ஓதிப் பார்க்கலாம்.

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ண வேண்டா. திருப்பூர் மாவட்டம் காங்கயத்தை அடுத்த சிவன்மலையில், முருகன் கோயிலில் ‘ஆண்டவர் உத்தரவுப் பெட்டி’ என்று ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. எங்கோ ஓர் ஊரில் ஒரு பக்தரின் கனவில் ஆண்டவர் தோன்றி ஒரு பொருளைக் குறிப்பிடுவார். அவர் கோயிலுக்கு வந்து சொல்வார். உடனே ஏற்றுக்கொள்வதில்லை, சன்னிதியில் பூக்கேட்டு, வெள்ளைப்பூ வந்தால்தான் அப்பொருள் பெட்டியில் வைக்கப்படும். அடுத்து ஒருவர் கனவில் வேறு உத்தரவு வரும்வரை அது அங்கேயே இருக்கும். மண் இருந்திருக்கிறது, நீர், அரிசி, மஞ்சள் இருந்திருக்கின்றன. கனவு கண்டவர் பெரியவரா சிறியவரா என்ற கேள்வி அங்கே இல்லை. கோயில் பொருளை வைக்கிறது. பொருள் சொல்வது மக்களே. நீர் வைத்தபின் 2004-இல் ஆழிப்பேரலை வந்தது என்பர். வந்தபின் சொல்வது எவர்க்கும் எளிது. அப்பெட்டியின் முன் நிற்கும்போது நம் உள்ளத்தைத் தொடுவது வேறொன்று: ஒரு கைப்பிடி மண்ணை எதிரில் வைத்துவிட்டு, இதன் கருத்து இன்னது என்று பலகை எழுதி மாட்டாத அந்த அடக்கம்.

தமிழகத்தை விட்டு வெகுதொலைவில் குடியேறிய நம் குடும்பங்களுக்கும் இத்தகைய உத்தரவுகள் வருவதுண்டு. ‘குலதெய்வம் கனவில் வந்து, என் பிள்ளைகள் எங்கே என்று கேட்டது’ என ஊரிலிருந்து தாயார் கடிதம் எழுதச் செய்வார். இந்நாளில் தொலைபேசியில் அழைப்பார். விடுப்பு விண்ணப்பத்தில் இதனைக் காரணமாக எழுத இடமில்லை. ‘சொந்த அலுவல்’ என்றே எழுதுகிறோம். இளைஞர்கள், அது பாட்டியின் ஏக்கமே அன்றித் தெய்வத்தின் ஆணை அன்று என்பர். பெரியவர்கள், போகாவிட்டால் குற்றம் வரும் என்று அஞ்சுவர். இரு சாராரும் கனவின் பொருளைத் தீர்மானித்துவிட்டே பேசுகிறார்கள். சுந்தரர் திருவாலம்பொழிலில் துயின்றபோது, மழபாடிக்கு வர நினைக்க மறந்தாயோ என்று இறைவன் கனவில் கேட்டதாகச் சேக்கிழார் கூறுகிறார். அதில் சினமும் இல்லை, தண்டனையும் இல்லை. மறந்தாயோ என்ற கேள்வி மட்டுமே. சுந்தரர் அதற்கு உரை தேடவில்லை. விடிந்ததும் காவிரியைக் கடந்து மழபாடி சென்றார். அங்கே பாடிய பதிகத்தை இன்றும் ஓதுகிறோம்.

சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் செல்லும் மின்தொடர் வண்டியில் ஏறினால், ஆவடியைத் தாண்டிச் சில நிலையங்களில் திருநின்றவூர் வரும். காடவர்கோன் தேடிச் சென்று காணாத கோயில் இன்று அங்கே கல்லாலேயே நிற்கிறது. பின்னே வந்தவர்கள் எடுத்தது. இறைவன் பெயர் இருதயாலீசர். விடுமுறையில் ஊர் செல்லும் நம்மவர் காஞ்சிக்கும் போகும் வழக்கமுடையவர்களே. ஒரே பயணத்தில் இரண்டையும் பார்த்துவிடலாம். எதனை முதலில் பார்ப்பது என்பதை இறைவன் முன்பே சொல்லிவிட்டான்.